கை நடுங்கினாலும் கோடு நடுங்க வேண்டியதில்லை

கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அவற்றின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். தாளின் ஓரம் லேசாகத் துடிக்கும். இருபது வயது இளைஞரின் கையிலும் அது துடிக்கத்தான் செய்யும். மனிதக் கை எதுவும் முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை. நொடிக்கு 8 முதல் 12 முறை வரை அது மிக நுட்பமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சிலருக்கு வேறு காரணங்களால் கண்ணுக்குத் தெரியும் நடுக்கம் வருகிறது. காபி டம்ளரைத் தூக்கினால் தளும்புகிறது. கையெழுத்து மாறிப்போய், வங்கியிலிருந்து காசோலை திரும்பி வருகிறது. மரவேலை செய்கிறவர் என்றால் முதல் அடி வரைவதில் விழுகிறது. பூஜை அறைக் கதவுக்கு ஒரு தாமரை, சன்னலுக்கு மேல் ஒரு கொடி, ஊஞ்சல் பலகையின் ஓரத்துக்கு ஒரு பூவேலை என எதுவானாலும் முதலில் பென்சிலால் வரைந்தாக வேண்டும். கோடு நெளிந்தால் வெட்டும் நெளியும். கை தேர்ந்த எத்தனையோ பேர் 'இனி நம்மால் ஆகாது' என்று உளியையும் ரம்பத்தையும் கட்டி வைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

கட்டி வைக்கத் தேவையில்லை. மரத்தில் வெட்டப்போகும் வடிவத்தை வரைய ஆடாத கை வேண்டும் என்ற கட்டாயம் கணக்களவில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நீங்கிவிட்டது. இன்று அந்தக் கணக்கு இலவச மென்பொருளாகச் சாதாரண கணினியில் கிடைக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், நடுங்கும் கையோடும் துல்லியமான வடிவங்களை உருவாக்கலாம்.

எல்லா நடுக்கமும் ஒன்றல்ல

நம் ஊரில் ஒருவருக்குக் கை நடுங்கினால் சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்வது மூன்று: நரம்புத் தளர்ச்சி, பார்க்கின்சன், குடிப்பழக்கம். பல நேரங்களில் மூன்றுமே தவறு.

பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் நடுக்கம் 'எசென்ஷியல் ட்ரெமர்' எனப்படுகிறது. மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு இருக்கிறது. பார்க்கின்சன் நோயைவிட இதுவே அதிகம். பெரும்பாலும் குடும்பவழி வருவது. அப்பாவுக்கோ அத்தைக்கோ கை நடுங்கியிருக்கும். 'வயசாயிடுச்சு' என்று விட்டிருப்பார்கள்.

இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு, கை எப்போது நடுங்குகிறது என்பதில் இருக்கிறது. ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்த நோயில், கை மடியில் சும்மா கிடக்கும்போது நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடும். ஒரு பொருளை எடுக்கப் போகும்போது பெரும்பாலும் குறையும். எசென்ஷியல் ட்ரெமரில் இது தலைகீழ். சும்மா இருக்கும் கை அமைதியாக இருக்கும். பென்சிலைப் பிடித்ததும் ஆட்டம் தொடங்கும். வேகம் நொடிக்கு 4 முதல் 12 வரை இருக்கலாம். வயது ஏற ஏற வேகம் குறைந்து, வீச்சு கூடும்.

மருத்துவர்கள் இதை அறிய ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு தாளைக் கொடுத்து, கையை மேசையில் ஊன்றாமல், நடுவிலிருந்து வெளியே விரியும் சுருளை வரையச் சொல்வார்கள். எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவரின் சுருள் வேண்டிய அளவுக்கு விரியும். ஆனால் கோடு முழுதும் ஒரே சீரான அலைகள் ஏறியிருக்கும். பார்க்கின்சன் நோயாளியின் சுருள் பெரும்பாலும் நெருக்கமாகச் சுருங்கியிருக்கும். எழுத்தும் போகப்போகச் சிறுத்துவிடும். ஒரு தாளும் பேனாவும் இத்தனையைச் சொல்லிவிடுகின்றன.

காரணம் கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. சிறுமூளை, தலாமஸ், மூளையின் மேற்புறணி ஆகிய மூன்றும் ஒரு சுற்றாக இணைந்து கையின் அசைவைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சுற்றில் தாளம் ஒன்று நிலைத்துவிட்டால் அது தசைகளில் நடுக்கமாக வெளிப்படுகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் 1987-இல் தலாமஸில் மின்முனை ஒன்றைப் பொருத்தித் தொடர் மின்தூண்டலால் நடுக்கத்தை அடக்கிக் காட்டினார். மண்டையைத் திறக்காமல் ஒலியலைகளைக் குவித்து அதே இடத்தில் சிகிச்சை தரும் முறைக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. இவை தீவிர நிலையில் உள்ளவர்களுக்கானவை. மற்றவர்களுக்கு முதலில் தரப்படுவது புரோப்ரனலால் அல்லது பிரிமிடோன் மாத்திரை. இவை நடுக்கத்தின் வீச்சைக் குறைக்கும். முழுதாக நீக்குவது அரிது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஆஸ்துமாவுக்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகளாலும் கை நடுங்கும். அதிகக் காபியும் படபடப்பும் எந்த நடுக்கத்தையும் கூட்டும். அடுத்தவர் உற்றுப் பார்க்கும்போது கை கூடுதலாக ஆடுவது இதனால்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆகவே, நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் காரணத்தை அறிவது முதல் வேலை. விளம்பரத்தில் வரும் நரம்புத் தளர்ச்சி லேகியத்தில் பணத்தைப் போடுவது வீண்.

மெதுவாக வரைந்தால் சரியாகுமா?

'அவசரப்படாம நிதானமா வரைங்க' என்பது எல்லோரும் சொல்லும் ஆலோசனை. எளிய கணக்கு ஒன்று இதை மறுக்கிறது.

ஒருவருக்கு நொடிக்கு 5 முறை கை நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. நீளமுள்ள வளைவை அவர் 3 நொடியில் வரைந்தால் கோட்டில் 15 அலைகள் விழும். கவனமாக 10 நொடி எடுத்துக்கொண்டால் அதே 10 செ.மீ.க்குள் 50 அலைகள் நெருக்கியடித்து விழும். கோடு சீராவதற்குப் பதில் ரம்பப் பல்லாகிவிடுகிறது. கவனம் கூடியதால் பதற்றமும் கூடி, வீச்சும் பெரிதாகிறது.

பென்சிலால் ஒரு கோட்டை இழுப்பது என்பது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு கணமும் கை சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. நடுக்கமோ காலத்தில் நிகழ்வது. கோடு எவ்வளவு நேரம் வரையப்படுகிறதோ அவ்வளவு நேரமும் அது உள்ளே புகும். எனவே நடுக்கத்தை வெல்ல ஒரு வழிதான் உண்டு: கோட்டிலிருந்து காலத்தை எடுத்துவிடுவது.

தச்சர்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். நீளமான நேர்கோட்டை எந்தத் தச்சரும் வெறுங்கையால் வரைவதில்லை. சாயம் தோய்த்த நூலை இரண்டு முனைகளில் இழுத்துப் பிடித்து ஒருமுறை சுண்டிவிடுவார். இரண்டு புள்ளிகள் போதும். நடுவில் உள்ள நேர்மையை நூலின் இழுவிசை பார்த்துக்கொள்ளும். வட்டத்துக்குக் கவராயம் இருக்கிறது. மையமும் ஆரமும் தெரிந்தால் போதும். நூலும் கவராயமும் பயன்படுத்தினார் என்பதற்காக யாரும் ஒரு தச்சரைத் திறமை குறைந்தவர் என்று சொன்னதில்லை.

சிக்கல் மூன்றாவது வகையில்தான். தாமரை இதழும் கொடியும் யாளியின் பிடரியும் நேர்கோட்டிலும் அடங்கா, வட்டத்திலும் அடங்கா. ஐரோப்பியக் கப்பல் தச்சர்கள் இதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். நீண்ட மெல்லிய மரப்பட்டியை வளைத்து, ஈயக் கட்டிகளால் சில இடங்களில் மட்டும் அழுத்தி நிறுத்துவார்கள். கட்டிகளுக்கு இடையே மரம் தன் விறைப்புக்கேற்ப இயல்பாக வளைந்து கொடுக்கும். அந்த வளைவை ஒட்டிக் கோடு போடுவார்கள். கப்பலின் உடல் வளைவுகள் இப்படித்தான் வரையப்பட்டன. சில புள்ளிகளை மட்டும் மனிதர் தீர்மானிக்க, இடைப்பட்ட வளைவை வேறொன்று தீர்மானிக்கும் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் பின்னாளில் கணினி எடுத்துக்கொண்டது.

நான்கு புள்ளிகள், ஒரு வளைவு

பிரான்சின் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் பால் டி காஸ்டெல்ஜோ, 1959-இல் கார் உடலின் வளைவுகளை எண்களால் குறிக்க ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. போட்டி நிறுவனமான ரெனோவில் பொறியாளர் பியர் பெஸியே 1960-களில் தனியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்து, அதை வெளியிட்டார். அதனால் அவர் பெயரில் 'பெஸியே வளைவு' என்று அது அழைக்கப்படுகிறது. நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் எழுத்துகளின் வளைவுகளும் இந்தக் கணக்கின் வழியில் உருவானவையே.

இதில் ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. இடையில் இரண்டு, வளைவைத் தம் பக்கம் இழுக்கும் கைப்பிடிகள். ஒரு இதழின் வலப் பாதியை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். கட்டம் போட்ட தாளில் நீங்களே செய்து பார்க்கலாம்.

இதழின் அடி: நடுக்கோட்டில், உயரம் 0. நுனி: நடுக்கோட்டில், உயரம் 40 மி.மீ. முதல் கைப்பிடி நடுக்கோட்டிலிருந்து 16 மி.மீ. வலப்புறம், 12 மி.மீ. உயரத்தில். இரண்டாவது கைப்பிடியும் 16 மி.மீ. வலப்புறம், 28 மி.மீ. உயரத்தில். இந்த நான்கையும் வரிசையாக இணைத்தால் மூன்று நேர்கோடுகள். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறியுங்கள்: வலப்புறத் தொலைவு 8, 16, 8, உயரம் 6, 20, 34. இந்த மூன்றையும் இணைத்து மறுபடி நடுப்புள்ளிகள் எடுத்தால் இரண்டு கிடைக்கும்: தொலைவு இரண்டுக்கும் 12, உயரம் 13, 27. அந்த இரண்டின் நடுப்புள்ளி: தொலைவு 12, உயரம் 20. இதழின் வளைவு சரியாக இந்தப் புள்ளி வழியாகப் போகும். நடுப்புள்ளிக்குப் பதில் பத்தில் ஒரு பங்கு, பத்தில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொண்டே போனால் வளைவின் மற்ற புள்ளிகள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். கைப்பிடி 16 மி.மீ. வெளியே இருந்தாலும் இதழ் 12 மி.மீ. வரைதான் வெளியே வருகிறது என்பதையும் கவனியுங்கள். கைப்பிடி இழுக்கும், வளைவு முக்கால் பங்கு வரை இணங்கும்.

இந்தக் கணக்கைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரம் முறை செய்துவிடும். நம் கையிடம் அது கேட்பது நான்கு புள்ளிகளை மட்டுமே. புள்ளியை ஒருமுறை தப்பாக வைத்தால் மறுமுறை நகர்த்தலாம். இன்றைக்கு முடியாவிட்டால் நாளை நகர்த்தலாம். வளைவில் நம் கை கழித்த நேரம் என்று எதுவுமே இல்லாததால், நடுக்கம் நுழைய அதில் வாசல் இல்லை.

திரையில் ஒரு தாமரை

இதைச் செய்ய விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. 'இங்க்ஸ்கேப்' என்ற மென்பொருள் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் வேலை, திரையில் 4 மி.மீ. கட்டங்களைப் போட்டு, புள்ளிகள் எப்போதும் கட்டத்தின் மூலையில் ஒட்டிக்கொள்ளும்படி அமைப்பது. மேலே சொன்ன இதழின் எண்கள் 12, 16, 28, 40 எல்லாமே நான்கின் மடங்குகள், காரணம் இதுதான். படத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் 4 மி.மீ. கட்டம் திரையில் 2 செ.மீ. ஆகிவிடும். இப்போது கை ஏறக்குறைய 1 செ.மீ. வரை இங்கும் அங்கும் ஆடினாலும் புள்ளி சரியான மூலையில்தான் போய் உட்காரும். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. புள்ளிகள் நின்றுவிட்டால் கோலம் தவறுவதில்லை.

பாதி இதழ் முடிந்ததும் அதை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்ப 'எச்' விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். இரு பாதிகளும் ஒட்டினால் முழு இதழ். மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி அதை நிறுத்தி, 45 பாகை வீதம் சுழற்றி எட்டு நகல்கள் எடுத்தால் 120 மி.மீ. விட்டமுள்ள தாமரை. 45 என்ற எண்ணைத் தட்டச்சு செய்கிறோம், கையால் சுழற்றுவதில்லை. அதே தாமரையைச் சுவர் முழுக்கப் பரப்ப வேண்டுமென்றால், ஒரு வடிவத்தைத் தளத்தில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அமைக்கக் கணிதத்தில் உள்ள 17 வழிகளும் அந்த மென்பொருளில் இருக்கின்றன.

பழைய நோட்டுப் புத்தகத்தில் தாத்தா வரைந்து வைத்த கொடி வேலை இருக்கிறதா? அதைப் படமெடுத்துக் கொடுத்தால் மென்பொருள் கோட்டைப் பின்தொடர்ந்து வளைவுகளாக மாற்றும். நடுங்கும் கையால் வரைந்த கோட்டையும் இப்படி ஏற்றலாம். அலைகள் நிறைந்த அந்தக் கோட்டைக் கணினி ஐம்பது அறுபது புள்ளிகளாகப் பதிவு செய்திருக்கும். ஓர் இதழின் பக்கத்துக்குத் தொடக்கமும் முடிவுமாக, கைப்பிடிகளோடு கூடிய இரண்டு புள்ளிகளே போதும். இடையில் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து நீக்க நீக்க, நடுக்கம் மறைந்து, மனத்தில் நினைத்த கோடு வெளிப்படும். தொடக்கத்தில் இதைச் செய்து பழகுவது நல்லது. தன் வடிவம் தன்னிடமே இருந்தது, கை மட்டுமே அதைக் கலைத்தது என்று ஒருவர் கண்ணால் பார்க்கும் தருணம் அது.

மவுஸே ஆடினால்?

நியாயமான கேள்வி. பென்சிலை ஆட்டும் கை மவுஸையும் ஆட்டும். மிகப் பெரிய தொல்லை நகர்த்துவதில் வருவதில்லை, சொடுக்குவதில் வருகிறது. குறி சரியான இடத்தில் நிற்கும். பொத்தானை அழுத்தும் விரலின் உந்துதலே அதை நகர்த்திவிடும். ஒருமுறை அழுத்த நினைத்தது இரண்டு முறையாகப் பதிவாகும். பொத்தானை அழுத்தியபடியே இழுக்க வேண்டிய இடங்களில் பாதி வழியில் பிடி விட்டுப்போகும்.

ஒவ்வொன்றுக்கும் மாற்று இருக்கிறது. மவுஸுக்குப் பதில் டிராக்பால் வைத்துக்கொண்டால் கருவி மேசையில் அசையாமல் இருக்கும். மேலுள்ள பந்தை மட்டும் விரலால் உருட்டலாம், பொத்தானை இன்னொரு விரல் தனியாக அழுத்தும். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விசைகளாலேயே குறியை நகர்த்தும் வசதி வரும். பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் இழுக்க 'கிளிக்லாக்' உதவும். ஒரே விசை இரண்டு முறை பதிவாவதைத் தடுக்க 'ஃபில்டர் கீஸ்' இருக்கிறது. இவை எல்லாம் கணினியோடு வருபவை. அமைப்புப் பகுதியில் இயக்கிவிட்டால் போதும். இங்க்ஸ்கேப்பில் அம்புக்குறி விசை ஒருமுறைக்கு எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். அரை மி.மீ. என்று வைத்துவிட்டால், எந்தக் கை அழுத்தினாலும் அரை மி.மீ.தான் நகரும். முழங்கையும் மணிக்கட்டும் மேசையில் நன்றாக ஊன்றியிருப்பதும் பெரிய உதவி.

நடுக்கத்தை வடிகட்டும் மென்பொருள்களும் உண்டு. அவற்றின் தத்துவம் எளியது. நாம் வேண்டுமென்றே செய்யும் அசைவு மெதுவானது. பெரும்பாலும் நொடிக்கு இரண்டு முறைக்குள் அடங்கும். நடுக்கம் நொடிக்கு நான்குக்கு மேல். வேகம் வேறு என்பதால் இரண்டையும் பிரிக்கலாம். நொடிக்கு 5 முறை ஆடும் கையின் ஒரு ஆட்டம் 0.2 நொடி நீடிக்கிறது. கடந்த 0.2 நொடியில் குறி இருந்த இடங்களின் சராசரியை எடுத்தால், இப்பக்கம் போனதும் அப்பக்கம் போனதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிஞ்சுவது நாம் போக நினைத்த பாதை. இதற்கு ஒரு விலை உண்டு: குறி 0.1 நொடி தாமதமாகப் பின்தொடரும். ஓரிரு நாளில் அது பழகிவிடும். ஐபிஎம் ஆய்வாளர் ஒருவர் நடுக்கம் உள்ள தன் மாமாவைப் பார்த்து, மவுஸுக்கும் கணினிக்கும் நடுவே பொருத்தும் வடிகட்டிக் கருவியை உருவாக்கினார். 2005-இல் அது வெளிவந்தது. இன்று அதே வேலையைச் செய்யும் மென்பொருளை நேரடியாகக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

திரையிலிருந்து பலகைக்கு

வடிவம் தயாரானதும் இரண்டு வழிகள். ஒன்று, அச்சிட்டுப் பலகையில் ஒட்டி, ஜிக்சாவாலோ ஸ்க்ரால் சாவாலோ வெட்டுவது. அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டு, அச்சான பிறகு ஸ்கேலால் அளந்து பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. ஸ்க்ரால் சாவில் ரம்பம் ஒரே இடத்தில் நிற்க, பலகையை மேசைமேல் அழுத்தி நகர்த்துவதால் கைகளுக்கு ஊன்றுகோல் கிடைக்கிறது. கையில் தூக்கிப் பிடித்து ஓட்டும் ரவுட்டர் போன்ற மின்கருவிகளை நடுக்கம் உள்ளவர்கள் தவிர்த்துவிட வேண்டும். விரல்களுக்கு மாற்று இல்லை.

மற்றொன்று, பென் டிரைவில் ஏற்றி சிஎன்சி கடைக்கு எடுத்துச் செல்வது. எண்களால் இயந்திரத்தை ஓட்டும் இந்த முறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ். 1940-களில் ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைச் சில புள்ளிகளிலிருந்து கையால் வரைவது போதாமல், கணக்குப் பொறியால் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கணக்கிட்டு வெட்டினார். எம்ஐடி கல்வி நிறுவனம் 1952-இல் அதைத் தானியங்கி இயந்திரமாக்கிக் காட்டியது. இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் 'சிஎன்சி ஜாலி கட்டிங்' பலகையைப் பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் கேட்பது டிஎக்ஸ்எஃப் கோப்பு. இங்க்ஸ்கேப்பிலிருந்தே அதைச் சேமிக்கலாம்.

இந்த இடத்தில்தான் மரம் தெரிந்தவரின் அறிவு தேவைப்படுகிறது. நம் தாமரையை மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி நிறுத்தினோம். அதனால் இதழ்களுக்கு இடையே எங்கும் 5 மி.மீ.க்குக் குறையாமல் மரம் நிற்கிறது. 15 மி.மீ. தள்ளி வைத்திருந்தால் திரையில் இன்னும் நெருக்கமாக, அழகாகத் தெரியும். ஆனால் இடையில் நிற்கும் மரம் ஓரிடத்தில் 2 மி.மீ.க்கும் குறைந்து, வெட்டும்போதே உடையும். மரத்தின் ரேகை அந்தக் குறுகிய இடத்தைக் குறுக்கே கடந்தால் நிச்சயம் உடையும். 3 மி.மீ. பிட்டால் வெட்டினால் உள்மூலை எதுவும் 1.5 மி.மீ. ஆரத்துக்குக் கீழே கூர்மையாகாது. இதழ் நுனிகளை உளியால் எடுத்துக் கூராக்க வேண்டும். பெயர்ப்பலகையில் எழுத்துகளைத் துளைத்து வெட்டினால் 'ட', 'ப' போன்றவை சிக்கலின்றி நிற்கும். 'க'வில் மூடிய சுழிக்குள் இருக்கும் மரத்துண்டு உதிர்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு பாலம் விட வேண்டும். தேக்கு எவ்வளவு தாங்கும், வேங்கை எவ்வளவு தாங்கும், மழைக்காலத்தில் பலகை எந்தப் பக்கம் உப்பும் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. முப்பது ஆண்டு உளி பிடித்தவருக்குத் தெரியும்.

கலை யாருடையது?

'கம்ப்யூட்டர் வரைந்ததைக் கைவேலை என்று சொல்லலாமா?' என்று சிலர் கேட்பார்கள். முழுச் சிற்பத்துக்கும் துளைவேலைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் ஒப்புக்கொள்வோம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பமும், 2021-இல் பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் உளியும் கையும் நேரடியாக மரத்தோடு பேசி உருவாகுபவை. திரையில் நான்கு புள்ளி வைத்து அவற்றைச் செய்துவிட முடியாது. ஆனால் அந்தச் சிற்பிகளும் உளியைத் தொடுவதற்கு முன் முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று தாலமானக் கணக்கில் அளவு குறித்துக்கொள்கிறார்கள். எங்கே எந்த அளவு என்று தீர்மானிப்பது கலையின் முதல் பாதி. அதைச் செய்வது கண்ணும் அனுபவமும்.

கை நடுங்கத் தொடங்கும் வயதில்தான் ஒருவரின் கண்ணும் அனுபவமும் உச்சத்தில் இருக்கின்றன. வரையும் கை தளர்ந்தது என்பதற்காக அந்த அறிவு முழுவதையும் வீட்டுத் திண்ணையில் உட்காரவைப்பது பெரிய இழப்பு. சிஎன்சி கடைகளில் இன்று ஓடும் வடிவங்களில் பெரும்பாலானவை எங்கிருந்தோ இறக்கிய ஒரே மாதிரியான பூக்கள். மரம் தெரிந்தவர்கள் அங்கே வடிவமைப்பாளர்களாக வந்தால் வேலையின் தரமே மாறும்.

அதற்குச் சில காரியங்கள் நடக்க வேண்டும். ஐடிஐ-களும் கைவினைப் பயிற்சி மையங்களும் மூத்த தச்சர்களுக்கென்று கணினி வரைகலை வகுப்பு நடத்த வேண்டும். டிராக்பாலும் பெரிய திரையும் அங்கே இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. எசென்ஷியல் ட்ரெமர் பெயரளவில் அதில் இல்லை. வேலையையே முடக்கும் அளவு நடுக்கம் உள்ளவர்களுக்கு உதவி கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் கை நடுங்கும் தச்சரோ, மரவேலையில் ஆசை உள்ள ஓய்வுபெற்ற பெரியவரோ இருந்தால், முதலில் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகு வீட்டுக் கணினியில் இங்க்ஸ்கேப்பை நிறுவி, 4 மி.மீ. கட்டத்தைப் போட்டு, அவரை முன்னால் உட்காரவையுங்கள். அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி நீங்கள் வரைந்து தராதீர்கள். நேரம் எடுத்துக்கொள்ளட்டும், அவரே வரைவார்.